முழங்கை வைத்த இடம்

அக்காவைக் கட்டியவர் லாரி ஓட்டினார். பள்ளிக்கூட டீச்சர், அதுவும் கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவள், லாரிக்காரரைக் கட்டுவதா என்று கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையார் கொஞ்ச காலம் பேசினார்கள். அத்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் லாரி போட்ட சத்தத்தில் அது கேட்டும் இருக்காது. பட்டாளத்தில் கழித்துக்கட்டிய பழைய பெட்ரோல் வண்டி. பல்லாவரம் மலையிலிருந்து ஜல்லி ஏற்றி, தெற்கே யார் வீடு கட்டினாலும் கொண்டுபோய்க் கொட்டுவார்.

அறுபதுகளின் கடைசியில் மஞ்சள் காமாலை வந்து அத்தான் போய்விட்டார். வண்டி சேலையூரில் அக்கா வீட்டை ஒட்டிய காலி மனையில் நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தது. பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்து, வெட்டி எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். அக்கா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவரோட வண்டியை வெட்ட விடமாட்டேன்டா. ஓடணும்."

ஓடுவதென்றால் எஃப்.சி. வேண்டும். வண்டி சாலைக்கு லாயக்குதான் என்று மோட்டார் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்ஜினை ஒரு மெக்கானிக் எப்படியோ இரும வைத்துவிட்டார். மேல்கூடுதான் தொல்லை. கதவு, மட்கார்டு, டிரைவர் காலடித் தகடு எங்கும் துரு. தகடு தட்டி ஒட்டுகிற டிங்கர் ஒருவரை அக்கா பிடித்துவந்தாள். அவருக்கு எடுபிடியாக நான்.

எனக்கு அப்போது கடற்கரை ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீசில் உத்தியோகம். கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்துவேன். இந்த அனுபவம் போதாது என்று எனக்கே தோன்றியதால், நூலகத்தில் ஓர் ஆங்கில மோட்டார் புத்தகம் எடுத்தேன். துரு எப்படி வருகிறது என்ற அத்தியாயத்தை மின்சார ரயிலில் ஊன்றிப் படித்தேன். எப்படிப் போகும் என்ற அத்தியாயத்தை எனக்கு முன்பே யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லுங்கிக்கு மாறி வேலையில் இறங்குவேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, இரும்பின் வெள்ளை முகம் தெரிந்ததும் அன்றைக்கே துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைட் பூசிவிட வேண்டும். விட்டால் பனி ஈரத்திலேயே மறுபடி பழுத்துவிடும். ஓட்டை விழுந்த இடங்களை டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்.

"இன்னா சார், மாட்டுக்கு முதுகு சொறியறியா? துருவ எடுக்கச் சொன்னா அத்த தூங்க வெச்சிகினு கீற!" என்பார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வந்தபோது அக்கா குறுக்கே நின்றாள். ஜன்னல் விளிம்பில் ஓர் இடம். அத்தான் ஓட்டும்போது வலது முழங்கையை அங்கேதான் ஊன்றுவார். வருஷக்கணக்காக வைத்து வைத்துப் பெயின்ட் தேய்ந்து, வியர்வை இறங்கி, வண்டியிலேயே முதலில் துருப்பிடித்த இடம் அது. உள்ளங்கை அகலத்துக்கு, பேரீச்சம்பழ நிறத்தில் இருந்தது.

"இதைத் தொடாதீங்க. சுத்திப் பூசிடுங்க."

டிங்கர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சுற்றிப் பூசினார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், அந்த இடத்தைச் சுற்றி நீலப் பெயின்ட் தோலுரிந்து நின்றது. மறுபடி பூசினார். மறுபடி உரிந்தது, போன தடவையைவிட அகலமாக. டிங்கர் விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, தேங்காண்ணெயா?"

அக்கா தலை குனிந்தாள். அத்தான் போன நாளிலிருந்தே தடவி வந்திருக்கிறாள், பிள்ளைகளுக்குத் தலையில் வைப்பதுபோல. "அது பரவவும் வேணாம், போகவும் வேணாம்னுதான். அப்படியே இருக்கட்டும்னு..."

"எண்ணெ மேல பெயின்ட் நிக்காதுக்கா. இத்த வுட்டா கதவே பூடும். இன்ஸ்பெக்டர் மொதல்ல கதவத்தான் பாப்பாரு. சொரண்டுனா வண்டி ஓடும். இல்லாங்காட்டி எடைக்குத்தான். நீயே சொல்லு."

அக்கா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். என்னிடம், "மேல ஏறி உக்காருடா. கையை வை," என்றாள்.

ஏறி உட்கார்ந்து வைத்தேன். அத்தான் ஓங்கிய ஆள். நானோ மதில்மேல் எட்டிப்பார்க்கும் பையன்போல இருந்திருப்பேன். முழங்கை விளிம்புக்கு எட்டியது, உடம்புதான் ஸ்டியரிங்கை விட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. அக்கா சிரித்தாள். அவர் போனபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு பாதியிலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"எறங்குடா."

டிங்கரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். உப்புத்தாளை என் கையிலிருந்து வாங்கி அவளே தேய்த்தாள். சிவப்புப் பொடி கோயிலுக்குக் கட்டிப்போன வெள்ளைப் புடவையில் கொட்டிக்கொண்டே இருந்தது, தட்டிவிடவில்லை. இரும்பு வெளுத்த பிறகும் தேய்த்தாள். போதுமக்கா என்று நான்தான் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

எஃப்.சி. கிடைத்தது. இன்ஸ்பெக்டர் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு விளக்கைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா ஒரு டிரைவரை வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கையை வெளியே வைக்கக் கூடாது. "மத்த ஓனருங்க பெட்ரோலுக்குக் கணக்கு கேப்பாங்க சார். அக்கா முழங்கைக்குக் கேக்குது," என்று அவர் என்னிடம் வந்து புலம்பினார். ஆனால் சொன்னபடி நடந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் முழங்கைகளை விலாவோடு ஒடுக்கி, ஞானஸ்நானத்துக்குப் போகிறவர்போல ஓட்டிக்கொண்டு போவார்.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒருநாள் நான் போயிருந்தபோது வண்டி மனையில் நின்றது. அக்கா கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் எங்கும் உடையவில்லை.

"துரு வரலடா," என்றாள். வருகைப் பதிவில் வராத பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த பெயருக்குப் போகிற டீச்சரின் குரல் அது.