மூக்கேறாத கயிறு

எங்கள் மாட்டுக் கொட்டகை விட்டத்தில் ஒரு மூக்கணாங்கயிறு தொங்குகிறது. புளிச்சை நாரில் நானே திரித்தது. எந்த மாட்டு மூக்கிலும் ஏறாதது. அதைப் பார்த்தால் செஞ்சி மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞாபகம் வந்துவிடும்.

அறுபதுகளில், எனக்குக் கல்யாணமான புதிது. வீட்டில் ஒரு நாட்டுக் காளை நின்றது. குட்டை உடம்பு. செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் ஆடு மாதிரி ஏறி, காய்ந்த புல்லிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஊரில் மற்ற காளைகளுக்கெல்லாம் காயடித்தாகிவிட்டது. இதற்கும் அடித்துவிட்டால் அந்த இனத்தில் இனி ஒரு கன்று விழாது. ஆஸ்பத்திரியில் சினை ஊசி போட்டால் சீமைக் கன்று பிறக்கும், பாலாய்க் கொட்டும் என்பார் கம்பவுண்டர். எங்கள் வீட்டுக்காரருக்கோ ஏருக்கு ஜோடி வேண்டும். "காயடிக்க வெள்ளிக்கிழமை கம்பவுண்டர இடுக்கியோட வரச் சொல்லிட்டேன்" என்றார். அந்தக் காளைக்கு மூக்கணாங்கயிற்றைத் திரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

அந்த ஆடி வெள்ளி விடிந்ததும் காளையை மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினேன். அது உடம்பைச் சிலிர்த்து உதறியது. உதறினால் ஆத்தா ஏற்றுக்கொண்டாள் என்பது எங்கள் ஊர் வழக்கம். பிறகு அது சாமி மாடு. கயிறும் கிடையாது, இடுக்கியும் கிடையாது.

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது? தண்ணி ஊத்தினா எருமைகூடத்தான் உதறும்."

"அப்போ நீங்களே ஆத்தாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அடிங்க சார்."

கோயிலை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துக்கொண்டே இடுக்கியைத் துண்டில் சுற்றினார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "ஏருக்கு ஜோடியா நீயே வந்து நில்லு" என்றார். அந்த ஆடியில் ஏர் ஓடாத இடத்தையெல்லாம் நான்தான் மண்வெட்டியால் கொத்தினேன். கை கொப்புளித்தது.

அப்புறம் மழை பொய்த்தது. கம்பவுண்டர் வீட்டுச் சீமைக் கன்று வெயில் தாங்காமல் நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்ததாம். ஒரு மத்தியானம் தன் நாட்டுப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"சாமி மாடு எந்தப் பக்கம் மேயுது?"

"இன்னா சார், ஊசி தீந்துபோச்சா?"

"கிண்டல் பண்ணாதம்மா. வெயில் தாங்குற கன்னு வேணும்."

அன்றிலிருந்து, பாலுக்கு வந்தவர்களுக்கு ஊசி போட்டார். ஏருக்குக் கன்று கேட்டவர்களை எங்கள் ஊருக்கு அனுப்பினார். எங்கள் பசுவும் அடுத்தடுத்து இரண்டு காளைக்கன்று போட்டது. "ஜோடி வந்துடுச்சுடி" என்றார் வீட்டுக்காரர். முதல் தடவையாகச் சிரித்தார்.

இப்போது அந்தச் சாமி மாட்டின் வழியில் வந்த இளங்காளை ஒன்று கொட்டகையில் நிற்கிறது. போன வாரம் என் மகன் விட்டத்தை அண்ணாந்து பார்த்தான். "சும்மாதான தொங்குது, இதுக்குப் போட்டுடலாமா?"

"இதோட தம்பிக்கு வேணா புதுசா திரிச்சித் தரேன்டா" என்றேன்.

ஆடி வெள்ளி வருகிறது. மஞ்சள் அரைக்க வேண்டும்.