இடப்பக்கம் திரும்பாத ஏரோப்ளேன் பள்ளிக்கூடம்

சின்னமனூருக்கு மேற்கே கரட்டடிப் பொட்டலில் சங்கிலியம்மாள் ஏரோப்ளேன் பள்ளிக்கூடம் வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அதற்கு முன்னால் கம்பத்துக்கும் தேனிக்கும் நடுவே அவளுடைய மாட்டுவண்டிகள் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. புருசன் செத்த பிறகு தார்க்குச்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு அவளே நடத்திய தொழில். பஸ் வந்தது, வண்டியில் ஏற ஆள் இல்லாமல் போயிற்று. வேறு யாராவதாக இருந்தால் மாட்டை விற்றுவிட்டு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பார்கள். இவள் மாட்டை விற்றுவிட்டு மேகமலைக்கு ஏறிப் போனாள். அங்கே எஸ்டேட் துரை ஒருவன் சீமைக்குத் திரும்புகிற அவசரத்தில் கட்டில், பீரோ, நாய் எல்லாவற்றையும் ஏலம் போட்டுக்கொண்டிருந்தான். பீரோ கேட்கப் போனவள், துரை அடிவாரத்தில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு ஏரோப்ளேன்களையும் கேட்டு முடித்துவிட்டு இறங்கி வந்தாள்.

"பஸ்ஸுக்காரன் தரையை எடுத்துக்கிட்டான். மேல இன்னும் எவனும் வரலையில்ல?" என்றாள் கேட்டவர்களிடம்.

மரச்சட்டமும் துணியுமாக, இரண்டடுக்கு இறக்கையோடு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருகிற சின்ன ஏரோப்ளேன்கள். வெள்ளி நிறத்தில் இருந்ததற்கு மயிலை என்றும், சிவப்பாக இருந்ததற்குச் செவலை என்றும் மாட்டுக்கு வைக்கிற பேரையே வைத்தாள். ஓட்டக் கற்றுக்கொடுக்க ராயப்பன்பட்டிச் சவரியப்பன் கிடைத்தான். பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போய் ஏரோப்ளேன் மெக்கானிக்காக இருந்து, அங்கேயே பறக்கவும் பழகித் திரும்பி, இங்கே கிணற்றடி எஞ்சின்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன். அவனிடம் முதலில் பழகியது சங்கிலியம்மாள்தான். தான் ஓட்டிப் பார்க்காத வண்டியை அவள் என்றைக்கும் வாடகைக்கு விட்டதில்லை.

வாடகைக்குச் சட்டமும் பழைய வண்டிச் சட்டம்தான். தீனிக்கு வாடகைக்கு எடுத்தவன் பொறுப்பு. பொழுது சாயுமுன் கொண்டுவந்து கட்ட வேண்டும். அச்சு முறிந்தால் எடுத்தவன் பாடு. கோம்பைக்காரர் ஒருவர் மயிலையை வாடகைக்குக் கொண்டுபோய், முன்னால் இரண்டு காளையைப் பூட்டி, மாப்பிள்ளையை உள்ளே உட்கார வைத்து ஊர்வலம் விட்டார். இன்னொருவர் செவலையைக் களத்துமேட்டுப் புளியமரத்தில் வடம் போட்டுக் கட்டி, எஞ்சினை ஓடவிட்டு, அந்தக் காற்றில் நெல் தூற்றினார். பதர் போயிற்று, கூடவே நெல்லும் போயிற்று, பக்கத்துக் களத்துக்காரன் அன்றைக்கு இரண்டு பங்கு அறுவடை அள்ளினான். பறப்பதற்கென்று வாடகைக்கு எடுத்தவர்கள் குறைவு. திரும்பி வந்த ஏரோப்ளேனில் வைக்கோல் ஒட்டியிருந்தால் சங்கிலியம்மாள் ஏச்சுத்தான் கொடுப்பாள். "ஏலே, மாட்டைக்கூட இம்புட்டு மோசமா வச்சிருக்க மாட்டீகளேடா!"

படிக்க வந்தவர்கள் இருவர். சின்னமனூரில் நஞ்சை வைத்திருந்த சம்சாரி ராக்கையா ஒருவர். தேவாரத்து மிளகு வியாபாரி வீரணன் மற்றவர். இரண்டு பேருமே வசதியானவர்கள், இரண்டு பேருமே சகுனம் பார்க்காமல் சட்டை மாட்டாதவர்கள்.

முதல் நாளே ராக்கையா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "ஆத்தா, கோவிச்சுக்கிறாத. நாங்க எந்திரிச்சுப் பறக்கிற நேரம் மட்டும் நீ கொஞ்சம் கொட்டகைக்குப் பின்னால நின்னுக்க. எதுக்க வெள்ளைச் சேலை தெரிஞ்சா மனசு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் ஏரோப்ளேன், அவள் பொட்டல், உத்தமபாளையத்து அபுபக்கர் ராவுத்தரிடம் அவள் வாங்கிப் போட்ட பெட்ரோல். அவள் கொட்டகைக்குப் பின்னால்! கேட்கிறவர்களுக்குக் கோபம் வருகிறதா, வரட்டும். அவளுக்கும் வந்தது. படிக்க வந்த இரண்டு பேரையும் விரட்டிவிட்டால் பள்ளிக்கூடம் ஏது? வாயை மூடிக்கொண்டு போய் நின்றாள். எஞ்சின் சத்தம் தலைக்கு மேலே போன பிறகுதான் வெளியே வருவாள்.

அடுத்த வில்லங்கம் ஆகாசத்தில் வந்தது. பொட்டலின் நடுவாக அய்யனார் கோயில் ஒன்று இருக்கிறது. கூரை கிடையாது, மண் குதிரை மேல் அய்யனார் வெட்டவெளியில் உட்கார்ந்திருப்பார். மேலே ஏறின ஏரோப்ளேன் பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றித்தான் இறங்க வேண்டும். அந்தச் சுற்று உலகம் முழுக்க இடப்பக்கமாகத்தான். சவரியப்பன் இடப்பக்கம் சாய்த்தான். ராக்கையா கீழே பார்த்தார். அய்யனார் இடது கைப்பக்கம் இருந்தார்.

"அடப்பாவி! இது இழவுச் சுத்துடா!" என்று அலறி, தன் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் வலப்பக்கம் இழுத்தார். மயிலை ஒரு குலுங்கு குலுங்கித் தலைகீழாகப் போய்வந்தது. சவரியப்பன் இறங்கியதும் மாதாவைக் கூப்பிட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிணத்தைத்தான் இடமாகச் சுற்றுவார்கள், சாமியை வலமாக. இதில் ராக்கையா இம்மியும் அசையவில்லை. "சரி, அய்யனாரைத் தாண்டிப் போயித் திரும்புங்க" என்று சவரியப்பன் சொல்லிப் பார்த்தான். தாண்டினால் மாரியம்மன், அதைத் தாண்டினால் கருப்பசாமி. இந்தப் பள்ளத்தாக்கில் சாமி இல்லாத இடத்துக்கு மேலே பறப்பதென்றால் கடலுக்குத்தான் போக வேண்டும். கடைசியில் சங்கிலியம்மாள்தான் தீர்ப்புச் சொன்னாள். "வலப்பக்கமே திரும்பிக்கங்கப்பா. வட்டந்தானே, எப்பிடிப் போனாலும் வந்து சேந்துருவீக."

அப்படியே ஆயிற்று. இடப்பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்கமாக முக்கால் வட்டம் அடித்துப் போனார்கள். கம்பத்துக்குக் கிளம்பின வீரணன் திருப்பத்துக்குத் திருப்பம் முக்கால் வட்டம் அடித்து, பெட்ரோல் தீர்ந்து, பெரியகுளத்து மாந்தோப்பு ஒன்றில் இறங்கினார். ஆனாலும் ஆசை விடவில்லை, மறுநாளும் வந்தார்.

இப்படி ஒரு வருசம் ஓடியது. பிறகு மதராஸிலிருந்து ஏரோப்ளேன் லைசென்ஸ் கொடுக்கிற சர்க்கார் ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் பைனாகுலர், கையில் குடை. காரை விட்டு இறங்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"பள்ளிக்கூடம் திறந்து இத்தனை நாளாச்சு, ஒரு பைலட்டுக்குக்கூட லைசென்ஸ் இல்லை. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க மாணவர் ஒருத்தராவது தேறணும். இல்லேன்னா பெர்மிஷன் கேன்சல். ரெண்டு ஏரோப்ளேனும் அப்புறம் தரையை விட்டு எழும்பக் கூடாது."

சங்கிலியம்மாள் இரண்டு ஏரோப்ளேனையும் திரும்பிப் பார்த்தாள். வண்டி போயிற்று, மாடு போயிற்று. இதுவும் போனால் அண்ணன் வீட்டு அடுப்படிதான். அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்வாக" என்றாள்.

ஆபீசர் பொட்டலில் தள்ளித் தள்ளி இரண்டு கொடிக்கம்பு நடச் சொன்னார். "தனியாப் போய், இந்த ரெண்டு கம்பையும் சுத்தி எட்டுப் போடணும். அஞ்சு எட்டு."

எட்டு! ஒரு கம்பை வலமாகவும் மறு கம்பை இடமாகவும் சுற்றாமல் எட்டு எங்கே வரும்? சவரியப்பன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். ராக்கையாவோ ஒன்றும் நடக்காதது மாதிரி தோல் குல்லாவை மாட்டினார். வழக்கம்போல் சங்கிலியம்மாள் கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

ராக்கையா மேலே போய் முதல் கம்பை வலமாக ஒரு சுற்று, நேராக அடுத்த கம்புக்குப் போய் அதையும் வலமாக ஒரு சுற்று, பதவிசாக ஐந்து தடவை சுற்றிவிட்டு இறங்கினார்.

"இது எட்டு இல்லை. ரெண்டு சைபர்" என்றார் ஆபீசர்.

"ரெண்டையும் ஒட்டவச்சா எட்டுத்தானங்க?"

"அந்த ஒட்டுத்தான்யா இடப்பக்கம்!"

"அது ஆகாதுங்க" என்று ராக்கையா குல்லாவைக் கழற்றினார்.

அடுத்து வீரணன் போனார். அவர் இடப்பக்கம் வருகிற இடத்திலெல்லாம் வலமாக முக்கால் வட்டம் போட்டார். ஆபீசர் பைனாகுலரோடு தானும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கணக்கில் வீரணன் போட்டது முறுக்கு.

இறங்கிய வீரணனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "அய்யனாரைச் சுத்தித் திரை கட்டிட்டா? சாமி பாக்காதப்ப சுத்தினா குத்தமில்லையில்ல?"

நெல் மூடுகிற படுதாக்களைக் கொண்டுவந்தார்கள். குதிரையும் அய்யனாருமாகப் பனை உசரம். மூன்று மூலையை ஆட்கள் பிடித்தார்கள், நான்காவதுக்கு ஆள் இல்லை. ஆபீசருக்கு எப்படியாவது வேலை முடிந்து ஊர் போய்ச் சேர்ந்தால் போதுமென்று ஆகிவிட்டது, குடையை மடக்கிவிட்டு அவரே பிடித்துக்கொண்டார். மதராஸிலிருந்து சர்க்கார் செலவில் வந்த மனிதர் அய்யனாரின் கண்ணை மறைத்துக்கொண்டு பொட்டலில் நின்றார்! ஆனி மாசம். கணவாய்க் காற்று சும்மா இருக்குமா? ஒரே வீச்சு. படுதா எழும்பி, குதிரையை விட்டு, ஆபீசர் மேல் விழுந்து உருட்டியது. அடியிலிருந்து வந்த சத்தம் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. "கேன்சல்! கேன்சல்!"

அவரைப் பிரித்து எடுத்தபோது எதிரே சங்கிலியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள். ராக்கையாவின் கையிலிருந்த குல்லாவை வாங்கித் தன் தலையில் மாட்டினாள்.

"நான் போடுறேன் எட்டு."

ஆபீசர் மண்ணைத் தட்டிக்கொண்டு, "மாணவர்தான் போடணும், முதலாளி இல்லை" என்றார்.

"மொதோ மாணாக்கரே அவுகதான் சார். ரெண்டு பக்கமும் திரும்பத் தெரிஞ்சது அவுக ஒருத்தருக்குத்தான்" என்றான் சவரியப்பன்.

ராக்கையா பதறிப்போய்க் குறுக்கே வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, உண்மையிலேயே பயந்தார். "வேணாம் ஆத்தா. இடமாச் சுத்தினா வீட்டுல மங்கலம் நிக்காது."

"எங்க வீட்டுல அது போயிப் பல வருசமாச்சு ராக்கையா. உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான என்னையக் கொட்டகைக்குப் பின்னால நிக்கச் சொன்ன? இனிமே எனக்குக் கெட்டுப்போக என்ன இருக்கு? தள்ளு."

ராக்கையா தள்ளி நின்றார். தலை குனிந்துகொண்டார். சவரியப்பன் ஓடிப்போய்ச் செவலையின் முன்விசிறியைச் சுழற்றிவிட்டான். இந்த முறை ஏரோப்ளேன் கிளம்புவதை அத்தனை பேரும் பார்க்க, அவள் அவர்கள் கண்ணுக்கு நேர் எதிரே பொட்டலின் நடுவில் ஓட்டிப் போனாள்.

முதல் கம்பு வலம், சுளுவாக முடிந்தது. இரண்டாவது கம்பு வந்தது. வீறாப்பாகப் பேசிவிட்டாளே தவிர அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே? பழகின நாளில் வெறும் திருப்பம் என்று திரும்பினாள், இழவுச் சுற்று என்று ராக்கையா பேர் வைத்த பிறகு அவளும் இடப்பக்கம் போனதில்லை. தெரிந்தே அவள் கடைசியாக இடமாகச் சுற்றியது நடுவீட்டில் புருசனைக் கிடத்தி வாய்க்கரிசி போட்ட அன்றைக்கு. அன்றைக்குச் சுற்றி முடிந்ததும் மூலையில் உட்காரச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை இடப்பக்கம் தள்ளினாள். இறக்கை சாய்ந்தது. இறக்கைக்குக் கீழே முல்லையாறு தெரிந்தது, நாற்றங்கால் பச்சை தெரிந்தது, அய்யனார் அதே மீசையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எஞ்சின் சத்தத்தில் இரண்டும் யாருக்கும் கேட்கவில்லை.

கீழே ஆபீசர் விரல் விட்டு எண்ணினார். ஐந்தாவது எட்டு முடிந்ததும், "பாஸ்! இறங்கச் சொல்லுங்க!" என்று குடையை ஆட்டினார். செவலை இறங்கவில்லை. எட்டை விட்டுவிட்டு, இடப்பக்கமாகவே வட்டம் போட ஆரம்பித்தது. ஒன்று, இன்னொன்று, அதற்கு மேலும் ஒன்று. வீரணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சவரியப்பன், "பெட்ரோல் இருக்கு, விடுங்க சார்" என்றான்.

நிழல் நீண்ட பிறகுதான் இறங்கினாள். ஆபீசர் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"அஞ்சு எட்டோட முடிஞ்சுதேம்மா. அதுக்கு மேல ஏன் இடப்பக்கமே சுத்திட்டிருந்தீங்க?"

சங்கிலியம்மாள் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள்.

"அந்தப் பக்கம் எவரும் வரமாட்டாகய்யா. ஒதுங்கி நில்லுன்னு சொல்ல அங்கன ஆளே இல்ல. எறங்க மனசு வரல."