சுகுணாவை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று ஜெபித்தேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், உப்பு வாருகிற வேலை ஆரம்பித்த முதல் வாரத்தில் என் வலது தோள் பூட்டிக்கொண்டது. காலையில் எழுந்தேன், கை இடுப்புக்கு மேல் போகவில்லை. படுத்த விதம் சரியில்லை என்று நினைத்தேன். மாசி போனது, பங்குனி போனது. கை வரவில்லை.

சகோதரிகளே, என் பெயர் எலிசபெத். மரக்காணத்துக்குப் பக்கத்தில் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கூலி வேலை செய்கிறேன். எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவை ஒன்பது வருஷம் நடத்தினேன். என் தோள் எப்படிச் சுகமானது என்று இந்தப் பத்திரிகைக்காரர்கள் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் சுகத்தை மட்டும் எழுதினால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

கை போனால் ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. தலை பின்ன முடியவில்லை. ரவிக்கை மாட்ட அரை மணி நேரம் ஆனது. பாத்தியில் இறங்கி, உப்பு வாருகிற பலகையை ஒற்றைக் கையால் இழுத்தால் உப்பு பாதி தண்ணீரிலேயே நின்றுவிடும். மேஸ்திரி எல்லார் முன்பாகவும் என்னைத் திட்டினார். வீட்டில் என் கணவர் ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "கை இல்லாத பொம்பளைய வெச்சிக்கினு நான் இன்னாதான் பண்றது?"

நான் உபவாசம் இருந்தேன். சபையார் தோளில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வலி கூடியது. இடது பக்கம் திரும்பிப் படுத்தாலும் வலி, மல்லாந்து படுத்தாலும் வலி. "ஏன் ஆண்டவரே எனக்கு?" என்று கேட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாதவள்போலக் கேட்டேன்.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சுகுணா என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி மனைவி. அவளும் உப்பளத்தில்தான் வேலை செய்தாள். எனக்குத் தோள் பூட்டிக்கொள்வதற்கு முந்தின வருஷம் அவளுக்கு இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. அவள் மகள் ஸ்டெல்லா புதுச்சேரியில் அக்குபங்சர் படித்துவிட்டு, பொம்மையார்பாளையத்தில் ஒரு சிகிச்சை இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் அம்மாவுக்கு ஒரு மாதம் ஊசி போட்டாள். வீக்கம் வடிந்தது. சுகுணா சந்தோஷமாக வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்து, எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

"முட்டி வலி பாதி கொறஞ்சிட்ச்சி. எம் பொண்ணு கையால கர்த்தர் எனக்கு சுகம் குடுத்தாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காக நான் அவளுக்காக ஜெபித்திருக்கிறேன், அப்போது குறையாத வலி ஊசியில் குறைந்ததா? இதுதான் உண்மைக் காரணம். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"சீனாக்காரன் மந்திரத்த ஒடம்புல ஏத்திக்கினு வந்து கர்த்தர் பேர ஏன் இழுக்கற?" என்றேன். "முட்டி போடு. அத வுட்டுட்டேன்னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்காத."

சிமெண்டுத் தரை. பாய்கூட விரிக்கவில்லை. அவள் முட்டி போட்டாள். நான் பாட்டு ஆரம்பித்தேன். ஒரு பாட்டு முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தேன். நான்காவது பாட்டில் அவள் என் சேலையைப் பிடித்தாள்.

"அக்கா, முடியலக்கா."

"வலி கொறஞ்சிட்ச்சின்னு சொன்னியே, இப்ப இன்னா?"

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு பேர் தூக்கித்தான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.

அதோடு விட்டேனா? இல்லை. சுகுணாவுக்கு முட்டி சரியில்லை என்று மேஸ்திரி அவளுக்குக் கூடையில் உப்பு அள்ளிப் போடுகிற வேலைதான் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை நான் அவரிடம் போய்ச் சொன்னேன்: "அவளுக்கு முட்டி நல்லாயிட்டுதாம். அவளே சபையில சொன்னா. தலைச்சுமைக்குப் போடுங்க." போட்டுவிட்டார். வழுக்குகிற வரப்பில் உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பத்தொன்பது நாள் நடந்தாள். இருபதாவது நாள் விழுந்தாள். வலது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்தது. அவள் கத்தின கத்தல் இரண்டு பாத்தி தாண்டி எனக்குக் கேட்டது. நான் பலகையைக் கீழே வைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்தில், "பாத்தீங்களா?" என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் தை மாதம் கை பூட்டிக்கொண்டது.

ஆடி மாதம் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். மூன்று நாள் உபவாச ஜெபம். கடைசி நாள் பகலில், "எல்லாரும் கையை உயர்த்துங்கள்" என்றார். பந்தல் முழுக்கக் கைகள் உயர்ந்தன. என் இடது கை மட்டும் உயர்ந்தது. அவர் பார்த்துவிட்டார்.

"விசுவாசம் இருந்தா அந்தக் கையும் மேல போவும். தூக்கி விடுங்க" என்றார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி கிரேஸ். அவளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். மற்றவள் முழங்கையைப் பிடித்தாள், கிரேஸ் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தார்கள். தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி இருந்தது. நான் அலறினேன். நான் அலற அலற ஸ்தோத்திர சத்தம் கூடியது. "போவுது, போவுது!" என்று கிரேஸ் கத்தினாள். நின்ற இடத்திலேயே எனக்குச் சிறுநீர் போய்விட்டது. சேலை நனைந்து கால் வழியாக இறங்கியது. அத்தனை பேரும் பார்த்தார்கள். அப்புறம்தான் விட்டார்கள்.

கை பழையபடி தொங்கியது. கிரேஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னாள்: "ஒளிச்சி வெச்ச பாவம் ஏதோ கீது அக்கா. அறிக்கை பண்ணிடுங்க." அந்த வார்த்தையும் நான் கற்றுக்கொடுத்ததுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மதியம் உப்பளக் கொட்டகையில் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு என் டிபன் பாக்ஸை இடது கையால் திறக்கப் பார்த்தேன். மூடி இறுகியிருந்தது. வயிற்றோடு அணைத்துத் திருகினேன், கைநழுவிச் சோறு அத்தனையும் ஈர மண்ணில் கொட்டியது. அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். அழகான ஜெபம் ஒன்றும் இல்லை.

"இந்தக் கைய குடும், இல்லாட்டி வெட்டிப் போடும். யாரையாவது அனுப்பும் ஆண்டவரே. யாரை வேணாலும் அனுப்பும். சுகுணாவ மட்டும் வேணாம். அவ முன்னாடி என்ன நிக்க வெக்காதேயும்."

அதற்கு இரண்டாம் நாள் காலை எங்கள் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஸ்டெல்லா. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பெரிம்மா, கெளம்புங்க. நான் வேலைக்குப் போறேன், அப்டியே கூட்டிக்கினு போறேன்."

"எதுக்கு?"

"அம்மா அனுப்புனாங்க. நானா வரல. எனக்கு இஷ்டமும் இல்ல."

"உங்கம்மா இன்னா சொன்னா?"

"பந்தல்ல நீங்க கத்துனது அம்மாவுக்கு வீட்டு வரைக்கும் கேட்டுதாம். முட்டி போனப்ப தானும் அப்படித்தான் கத்துனதா சொன்னாங்க. போய் அவளப் பாருன்னாங்க."

இடது கையால் ஸ்கூட்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் போனேன்.

அந்த இடத்தில் மந்திரமும் இல்லை, சிலையும் இல்லை. கட்டில், வெள்ளைத் துணி, பஞ்சு, காகித உறையில் புது ஊசிகள். தலைமுடி மாதிரி மெல்லிசு. ஸ்டெல்லா என் இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு தோளைத் தொடாமலேயே கேள்வி கேட்டாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, தாகம் உண்டா, எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போகிறீர்கள். ஒரு தோளுக்காக யாரும் என் உடம்பு முழுவதையும் இப்படி விசாரித்ததில்லை. தாகம் அதிகம்தான், உப்பள வெயிலில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்றேன்.

"கால காட்டுங்க" என்றாள்.

என் பாதம் உப்பில் வெடித்து வெடித்துப் பலகை மாதிரி ஆகியிருந்தது. அவள் கழுவித் துடைத்து, வலது கட்டைவிரலுக்குக் கீழே உற்றுப் பார்த்தாள்.

"இது எப்பருந்து கீது?"

"எது?"

செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழி. ஓரம் வெள்ளையாக, நடுவில் கருப்பாக. எனக்கு இப்படி ஒரு புண் இருப்பதே தெரியாது. அவள் பஞ்சால் அழுத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நான் இன்னிக்கு ஊசி போட மாட்டேன் பெரிம்மா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் சுகர் பாருங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. "இவ்ளோ தூரம் இட்டுக்கினு வந்து பழி வாங்கறியா?"

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "பழி வாங்கணும்னா குத்தி அனுப்பியிருப்பேன்."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார். வந்த அளவை நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினார். டாக்டரம்மா கால் புண்ணைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் உப்புத் தண்ணில நின்னிருந்தா வெரல் போயிருக்கும்மா. காலே கூட போயிருக்கும். யாரு உன்ன அனுப்புனது?"

"எங்க ஓரகத்தி பொண்ணு. ஊசி போடற பொண்ணு."

"நல்ல பொண்ணு. தோளு இறுகிப் போறது சுகர் இருக்கறவங்களுக்கு அதிகமா வரும். நீ தோளையே பாத்துனு இருந்திருக்க."

சகோதரிகளே, நான் கைக்காக ஜெபித்தேன். ஆண்டவர் என் காலைக் காப்பாற்றினார். அதுவும் நான் வேண்டாம் என்று சொன்ன வீட்டிலிருந்து ஆள் அனுப்பி.

மாத்திரை சாப்பிட்டேன். புண்ணுக்குக் கட்டுப் போட்டு வேலைக்குப் போகாமல் இருந்தேன். புரட்டாசியில் புண் ஆறி, சர்க்கரையும் இறங்கிய பிறகுதான் ஸ்டெல்லா ஊசியை எடுத்தாள். வலி வலது தோளில். அவள் முதலில் ஊசி போட்டது இடது முழங்காலுக்குக் கீழே. எறும்பு கடித்த மாதிரி இருந்தது, பிறகு அந்த இடம் கனத்தது.

"இப்ப கைய மெதுவா தூக்குங்க" என்றாள். "வலிச்சா நிறுத்திடுங்க."

வலித்தால் நிறுத்து. எட்டு மாதத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. நான் சுகுணாவிடம் சொல்லாத வார்த்தை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அழுதேன். ஸ்டெல்லா சமாதானம் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் முடிக்கிற வரைக்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள் போனேன். முதலில் தூக்கம் வந்தது. பிறகு பல வருஷத் தலைவலி விட்டது. தோளில் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. "இனிமே மாத்திரைய நிறுத்திடலாமா? ஊசி இருந்தா மாத்திரையே வேணாம்னு பஸ்ல ஒருத்தி சொன்னா" என்று ஒருநாள் கேட்டேன். ஸ்டெல்லாவுக்குக் கோபம் வந்தது. "நிறுத்துனீங்கன்னா இங்க வராதீங்க. ஊசி மட்டும் இத பண்ணல. மாத்திரை, வீட்ல செய்ற பயிற்சி, ஆறதுக்கு ஆவற நாளு, எல்லாம் சேந்துதான்." மாசி மாதம் நானே என் தலையைப் பின்னிக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிமெண்டுத் தரை, தலைச்சுமை, மேஸ்திரியிடம் நான் சொன்னது, எதையும் விடவில்லை. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஜெபக்குழுவை விட்டு விலகினேன். இப்போது கிரேஸ் நடத்துகிறாள். நான் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போனவள் என்று சிலர் பேசுகிறார்கள்.

அன்றைக்கே சுகுணா வீட்டுக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முட்டி மடங்குவதில்லை. வேலைக்குப் போவதில்லை. நான் காலடியில் உட்கார்ந்தேன்.

"கை வந்துட்ச்சாக்கா?"

"வந்துட்ச்சி."

"எனக்கு முட்டி வரல. ஸ்டெல்லா ஊசி போட்டும் பாத்துட்டா. கிழிஞ்சத ஊசி ஒட்டாதாம். ஆப்ரேஷன்னு சொல்றாங்க, அதுலயும் முழுசா சரியாவாதாம்."

"என்ன மன்னிச்சிடு சுகுணா."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் பாக்கறேன். வாயில வர மாட்டேங்குது. நீ கத்துனது கேட்டப்ப எனக்கு நல்லா இருந்திச்சி, தெரியுமா? இன்னும் கொஞ்சம் கத்தட்டும்னு தோணிச்சி. அப்பறம் பயந்துட்டேன். ஆண்டவரே, நான் அக்கா மாதிரி ஆயிடக்கூடாதுன்னு அழுதேன். அதுக்குத்தான் ஸ்டெல்லாவ அனுப்புனேன். உனக்காக இல்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ஆண்டவர் கேட்டருளிய ஜெபம் என்னுடையது மட்டும் இல்லை. அவளுடையதும்தான்.

தினமும் காலையில் அவள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைக்கிறேன், வீடு பெருக்குகிறேன். அவள் பேசுவதில்லை. சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அது அவள் உரிமை. நான் சுகமானேன், அவள் சுகமாகவில்லை. இது ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். பதில் வரவில்லை. ஆனாலும் அவர் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கிறேன்.

சகோதரிகளே, உடம்பில் வலியை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். ஆண்டவரை நம்புங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சர்க்கரை பாருங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தெரிந்து செய்கிறவர்கள் கிடைத்தால் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் பக்கத்தில் ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னால் அவளையும் நம்புங்கள். வலி குறைந்தது என்று சொன்னாலும் நம்புங்கள்.

எனக்காக நீங்கள் ஜெபிக்க வேண்டாம், எனக்குக் கிடைத்துவிட்டது. வைகாசியில் சுகுணாவுக்கு முட்டி ஆப்ரேஷன். அவள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.