உருக்காத பூட்டு

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது, அவர் தம் சொந்தத் தங்கையின் வெள்ளியை எடுத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களிடம் நேராக யாரும் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் நான் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். புகழுரையை மற்றவர்கள் எழுதட்டும். மகள் என்ற முறையில் நான் அந்தப் பேச்சைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில். தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட்டார்கள், குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. அங்கே ஒரு தையல் கடையின் முன்பக்கத்தில் மேசை போட்டு, பழைய வெள்ளி நகைகளின் உதிரிகளை வாங்கி விற்றார். கொக்கி, பூட்டு, வளையம், ஊசி. ஒரு பூட்டைக் கொடுத்தால் முதலில் அதைக் கவிழ்ப்பார். பின்புறம் நடக்கும் சிங்க முத்திரை இருந்தால் பழைய ஆங்கிலேய ஸ்டெர்லிங் வெள்ளி. 925 என்ற எண் இருந்தால் அதற்குப் பிந்தியதாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். கட்டத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்து இருந்தால் வெறும் முலாம்.

"முன்னால அழகா இருக்கறத நம்பாதே. தேஞ்ச ஓரத்தப் பாரு, அதுதான் பொய் சொல்லாது" என்பார்.

முத்திரை தெளிவாக இருக்கும் ஒரு ஜோடிப் பூட்டை எடைக்கு விற்பவரைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். உருக்கினால் கிடைப்பதைவிட அப்படியே விற்றால் பல மடங்கு கிடைக்கும். சந்தேகம் மேசையோடு நிற்கவில்லை. கோயில் அன்னதானத்தில் கொடுத்த எவர்சில்வர் தட்டையும் கவிழ்த்துப் பார்த்த மனிதர் அவர்.

அப்படிப்பட்டவரிடம்தான் அவர் தங்கை, எங்கள் அத்தை, தன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் தன் ஒட்டியாணத்தைக் கொண்டுவந்தார். அவர்கள் அம்மா விட்டுச்சென்றது. அப்பாவும் அத்தையும் பிறப்பதற்கு முன்பே அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. பூட்டு கழன்றிருந்தது. ஒரு வாரம் கழித்து அப்பா அதை வேறொரு பூட்டோடு திருப்பிக் கொடுத்தார்.

"பழசு எங்கண்ணே?"

"தேஞ்சு போச்சு. உருக்கிட்டேன்."

பழைய பூட்டை உருக்குபவர்களைத் திட்டியே பிழைத்தவர் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அத்தை நம்பவில்லை. ஒட்டியாணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனவர், ஒன்பது வருடம் எங்கள் குனோங் ராபாட் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதை இடுப்பில் கட்டவும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொன்னார்.

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்தார். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்ததும், கைப்பையிலிருந்து அதே துணிச்சுருளை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணி, அண்ணனே போயிட்டாரு. இப்பவாச்சும் சொல்லுங்க. என் பூட்ட யாருக்கு வித்தாரு?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்பா உதிரிகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினேன். "தேடிக்குங்க அத்த. இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க."

இருந்தது. அடியில் ஒரு காகிதப் பொட்டலம், மேலே அப்பாவின் கையெழுத்தில் 'தங்கச்சி' என்று மட்டும். உள்ளே மயில் செதுக்கிய இரண்டு பாதிகள். அத்தை இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். "உருக்கிட்டேன்னாரே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த நிமிடம் நானும் அப்பாவைத் திருடர் என்றே நினைத்தேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. கவிழ்த்தேன். முத்திரை எதுவும் இல்லை. தேய்ந்த ஓரத்தில் ஒரு மங்கிய நிறம்.

"அத்த, உள்பக்கம் லேசா ராவிப் பாக்கவா?"

"குடு, நானே ராவுறேன். உங்க வீட்டு ஆளுங்கள நம்ப மாட்டேன்லா."

அப்பாவின் அரத்தை எடுத்து நான்கு இழுப்பு இழுத்தார். மஞ்சளாக வந்தது. இன்னும் ஆழமாக இழுத்தார். இன்னும் மஞ்சள். பித்தளை.

அவர்கள் அம்மா சாகும்வரை வெள்ளி என்று நம்பிக் கட்டியது. சங்கிலி வெள்ளிதான், பூட்டு மட்டும் முலாம் பூசியது.

அத்தை அரத்தைக் கீழே வைத்தார். "அப்ப, இதுல மாட்டியிருக்கறது யாரோடது?"

அம்மா துணிச்சுருளைப் பார்க்காமலே சொன்னார்: "பூட்டுல எடப்பக்கம் மூணாவது எல ஒடஞ்சிருக்கா பாரு."

பிரித்தோம். உடைந்திருந்தது. பின்னால் சிங்கம் நடந்துகொண்டிருந்தது.

அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ், எங்கள் பேச்சில் பெரிய மிஸ்ஸி, தன் சீருடைப் பெல்ட்டிலிருந்து கழற்றிக் கொடுத்த பூட்டு அது. அலமாரியிலிருந்து காணாமல் போனதும் அம்மா அப்பாவைத்தான் சந்தேகப்பட்டார். "எனக்குத் தெரியாது" என்றாராம். அம்மாவும் ஒன்பது வருடம் அதை நம்பவில்லை.

மனைவியைக் கேட்டிருக்கலாம். தங்கையிடம், அம்மா கட்டியது பித்தளை என்ற உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் இரண்டு பேரிடமும் திருடனாக இருந்தார். மாரடைப்பில் போன அன்று காலைகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான்.

அத்தை அந்தப் பூட்டைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி, அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்து முத்திரையைப் பார்த்தார்.

"என்ன அண்ணி, நான் மாத்திட்டேன்னு பாக்குறீங்களா?"

"உங்க அண்ணங்கூட முப்பது வருசம் குடும்பம் நடத்தினேன்லா. கை தானா போவுது."

அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அத்தையின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "நான் ஊரெல்லாம் சொன்னேன். நீ ஊரெல்லாம் எழுது" என்றார். இன்றைய படையலுக்குப் பித்தளைப் பூட்டை மாட்டி, ஒட்டியாணம் கட்டி வந்திருக்கிறார். அருகில் போனால் அரம் இழுத்த மஞ்சள் கோடு தெரியும்.

அப்பாவின் கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த புந்தோங் அக்காமார்களுக்கும், மேசைக்கு இடம் தந்த தையல் கடைக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. அப்பா பழுது பார்த்துக் கொடுத்த நகை உங்களிடம் இருந்து, அதில் சந்தேகமும் இருந்தால், தயங்காமல் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அரம் மேசைமேலேயே இருக்கிறது. நீங்களே ராவிப் பார்க்கலாம்.