ஷாம்பு போட்ட ஆட்டுக்குட்டி

இன்று காலை திருமுல்லைவாயிலில், எங்கள் கால் காணிப் பண்ணை சாம்ராஜ்யத்தில், மூவுலகமும் காணாத அக்கிரமம் ஒன்று நடந்தது.

பங்குனி பிறந்ததும் ஆடு குட்டி போட்டது. ஞாயிறுதோறும் உதவிக்கு வரும் ஐடி தன்னார்வலர் படையிடம் கொட்டகையைப் பெருக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். பத்தே நிமிஷம்!

திரும்பி வந்தால் ஆவடி வரைக்கும் ஸ்ட்ராபெர்ரி வாசனை. நடுவில், ஈரம் சொட்டச் சொட்ட நேற்றுப் பிறந்த குட்டி.

"அழுக்கா இருந்துச்சு அங்கிள். ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிட்டேன்," என்றாள் கள்ளிக்குப்பம் ஃபிளாட்டிலிருந்து வரும் பெண். முகத்தில் விருது வாங்கும் களை.

குட்டி பாலுக்காகத் தாயிடம் ஓடியது. தாய் மோந்து பார்த்தது. விட்டது ஒரு முட்டு!

என் மனைவி ஓடி வந்தாள். "இன்னாம்மா பண்ணி வெச்சுகீற? மோந்து பாத்துதான் தன் குட்டின்னு ஆடு சேத்துக்கும். வாசனைய கழுவிட்டியே, இனிமே பால் குடுக்குமா? செத்துப்பூடும்மா!"

அந்தப் பெண் அழுதாள். நான் ருத்ரதாண்டவத்துக்குக் காலைத் தூக்கினேன்.

"யோவ், கூத்து கட்டாம ஆட்டப் புடி!" என்றாள் மனைவி.

பிடித்தேன். மனைவி அந்த ஆட்டின் பாலையே கறந்து கொடுக்க, அந்தப் பெண் தன் மடியில் குட்டியைப் போட்டு அதன் உடம்பெல்லாம் தேய்த்தாள். மூன்று முறை முட்டு வாங்கிய குட்டியை நான்காம் முறை தாய் நக்கியது. குட்டி குடித்தது.

கொட்டகை நாற்றம் முழுவதையும் சுமந்துகொண்டு அந்தப் பெண் அப்படியே பஸ் ஏறிவிட்டாள். அவளை வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்று கள்ளிக்குப்பத்துக்காரர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.