ராகுகாலத்தில் வைச்ச கையெழுத்து

போன வருசம் மாமிக்கு இருதய ஒப்பரேசன், திங்கட்கிழமை காலமை. அதுக்கு முந்தி ஒரு கடுதாசி வேணும்: அவவுக்கு நினைவு தப்பினால் டொக்டர்மாரோடை கதைச்சு முடிவெடுக்கிறது நான்தான் எண்டு. என்ரை மனுசன் உயிரோடை இருந்திருந்தால் அது தேவையில்லை. தாய்க்கு மகன் இருக்கிறான். அவர் போன பிறகு, சட்டப்படி பாத்தால் மருமகள் ஒரு ஆளே இல்லை. மற்ற மகன் கனடாவிலை. குசினியிலை சண்டை பிடிக்க மட்டும் நான் சொந்தம்.

டென்மார்க்கிலை நாங்கள் இருக்கிற ஒடென்சே ரவுண் லைப்ரரியிலை வெள்ளிக்கிழமையளிலை காசில்லாமல் சட்ட உதவி செய்யினம். ஒரு சட்டத்தரணி வந்திருந்து, கையெழுத்துக்குச் சாட்சியும் நிப்பா. பன்னிரண்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போயிடுவா.

கடுதாசியை நான் முதல் நாளே அடிச்சு வைச்சிருந்தன். வெள்ளி காலமை எழும்பிப் பாக்கிறன், மாமி குளிச்சு, திருநீறு பூசி, சாமிப்படத்துக்கு முன்னாலை இருந்து கையெழுத்து வைச்சு முடிச்சிட்டா. மேலை பிள்ளையார் சுழி, நாலு மூலையிலையும் மஞ்சள்.

"பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குது பிள்ளை. அதுக்கு முதல் நல்ல நேரத்திலை வைச்சிட்டன்," எண்டா, பெரிய வேலை முடிச்ச மாதிரி.

மனுசி ஆசையாச் செய்தது எண்டு நானும் விட்டிட்டன். லைப்ரரியிலை எங்கடை முறை வரேக்கை பதினொண்டு தாண்டியிட்டுது. சட்டத்தரணி சிரிச்சுக்கொண்டு மஞ்சளைத் தடவிப் பாத்தா. பிறகு தலையை ஆட்டினா. கையெழுத்து வைக்கிறதை அவ கண்ணாலை பாக்க வேணுமாம். நான் அங்கையே புதுப் பிரதி ஒண்டு அடிச்சுக்கொண்டு வந்தன்; மாமியை இப்ப வைக்கட்டாம்.

"இப்பவோ? ராகுகாலத்திலையோ?" மாமி பேனையை மேசையிலை வைச்சிட்டா. "பன்னிரண்டு மணிவரைக்கும் இருப்பம், அதோடை ராகுகாலம் முடிஞ்சிடும்."

"பன்னிரண்டுக்கு அவ போயிடுவா மாமி!"

"அப்ப அடுத்த கிழமை வருவம்."

எனக்கு வந்ததே ஒரு விசர்! "அடுத்த கிழமை நீங்கள் ஆசுப்பத்திரியிலை! கலியாணமே நடக்குது இஞ்சை, நேரம் பாக்க? உங்களுக்கு ஒண்டு நடந்தால் என்னை வாசலிலை நிப்பாட்டிப்போட்டுக் கனடாவுக்கு ஃபோன் அடிப்பாங்கள், தெரியுமோ?" லைப்ரரி எண்டதையும் மறந்து கத்திப்போட்டன். பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்த ஒருத்தர் நிமிர்ந்து பாத்தார். மாமி அசையேல்லை.

சட்டத்தரணி என்னை வெளியிலை நிக்கச் சொன்னா. ஆரும் வற்புறுத்தினமோ எண்டு மாமியைத் தனியக் கேக்க வேணுமாம். நான் கத்தின கத்துக்குக் கேக்கத்தானே வேணும். மாமிக்கு முந்தி வேலை செய்த பக்டரியிலை பழகின டேனிஷ் இருக்கு, அதை வைச்சுச் சமாளிப்பா.

சின்னப்பிள்ளையளின்ரை புத்தகத் தட்டுக்குப் பக்கத்திலை நிண்டு அந்த அறைக் கண்ணாடிக்குள்ளாலை பாத்தன். சட்டத்தரணி என்னவோ கேட்டா. மாமி திரும்பி என்னைப் பாத்தா. பிறகு பேனையை எடுத்தா. பல்லுப் பிடுங்கவும் நாள் பாக்கிற மனுசி, நடு ராகுகாலத்திலை குனிஞ்சு கையெழுத்து வைச்சா.

எனக்கு அழுகை வந்திட்டுது. ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சு இப்பவும் நாங்கள் சண்டைதான், ஆனால் அவ எண்டால் எனக்கு உயிர்.

அண்டைக்கு பஸ்ஸுக்கு நடக்கேக்கை கேட்டன், "ஏன் மாமி, ராகுகாலம் பரவாயில்லையோ?"

"அந்தச் சட்டத்தரணி உன்னைக் காட்டி, 'இவ உனக்கு ஆர்' எண்டு என்னைக் கேட்டா. அப்பிடிக் கேட்ட பிறகு நேரம் பாத்துக்கொண்டு இருக்கேலுமே?"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அதுதான் கையெழுத்து வைச்சனே. பஸ் வருது, ஏறு."