கழுத்தைச் சுழற்றிய நேரம்

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், பால் வாங்கப் போன ஓர் அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். அந்த வாரமே நானும் என் மனைவியும் கராத்தே வகுப்பில் சேர்ந்தோம். எதற்காகச் சேர்ந்தோம் என்பதில் குழப்பமே கிடையாது. அவள் கழுத்தில் கிடக்கும் சங்கிலிக்காக. அது அவளுடைய அம்மாவுடையது. அந்த அம்மா கண்ணை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, தன் கையாலேயே கழற்றி மகளுக்குப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் கட்டிய தாலியும் அதில்தான் தொங்குகிறது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அது அவள் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை.

"நீங்களும் வாங்க" என்றாள். "கரப்பான் பறந்தாலே கட்டில்ல ஏறுற மனுசன். திருடன் வந்தா எங்கிட்டு ஏறுவீங்க?"

இது அபாண்டம். கரப்பான் பறந்தால் நான் நாற்காலியில்தான் ஏறுவேன். கட்டிலில் கொசுவலை இடைஞ்சல்.

தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில், விடிகாலைப் பூசை முடிந்ததும் வகுப்பு. மாஸ்டர் ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆள் ஒல்லி. ஆனால் அவர் "நில்லுங்க" என்றால் மைதானத்தில் மேய்கிற ஆடும் நின்றுவிடும். என்னை 'அண்ணே' என்பார், என் மனைவியை 'டீச்சர்' என்பார். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மாஸ்டருக்கு ஒரு சட்டம்தான்: வார்ம் அப் முடியாமல் யாரும் காலைத் தூக்கக் கூடாது.

"உடம்பு சூடேறாம ஒதைச்சீங்கன்னா ஒங்க தொடைதான் பிச்சுக்கும். எதிராளிக்கு ஒண்ணும் ஆகாது."

இந்தச் சட்டம் எனக்கு உயிராகப் பிடித்துப்போனது. நான் மைக் செட் போடுகிறவன். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லாமல் ஒரு வேலையும் தொடங்கியதில்லை. கராத்தேயிலும் அப்படி ஒரு டெஸ்டிங் இருப்பது என் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை மாதிரி இருந்தது. கழுத்தை வலப்பக்கம் சுழற்று, இடப்பக்கம் சுழற்று, தோளை உருட்டு, இடுப்பை ஆட்டு, முட்டியைச் சுற்று. எல்லாவற்றையும் பக்தியோடு செய்வேன். உண்மையைச் சொன்னால், வகுப்பில் எனக்கு ஒழுங்காக வந்தது அது ஒன்றுதான். அதற்கப்புறம் வரும் உதை, குத்து, பூட்டு எல்லாம் எனக்கும் எதிரில் நிற்பவருக்கும் சம அளவில் ஆபத்தாக முடியும்.

அவள் கதை வேறு. என்னோடு சேர்ந்து அவள் கிளம்பியதே கிடையாது. சோறு வடித்து, குழம்பைக் கூட்டி, மதியத்துக்கு ஒரு வெஞ்சனம் செய்து, இரண்டு டப்பாவில் அடைத்துவிட்டு, சேலையைச் சுடிதாராக மாற்றிக்கொண்டு அவள் மைதானத்துக்குள் நுழையும்போது வார்ம் அப் முடிந்திருக்கும். நேராக வந்து வரிசையில் நிற்பாள்.

"டீச்சர், தனியா நின்னு கொஞ்சம் கைகால ஒதறிட்டு வாங்க" என்பார் மாஸ்டர்.

"மாஸ்டர், நான் அடுப்புக்கிட்ட இருந்து வாரேன். இதுக்கு மேல சூடேத்துனா ஆவிதான் வரும்."

"வெளையாடாதீங்க. சங்கிலியவாச்சும் கழட்டி வச்சுட்டு வாங்க. இழுபட்டுரும்."

"இழுபடாம இருக்கத்தான் மாஸ்டர் இங்க வந்ததே."

மாஸ்டர் எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்தார். இரண்டும் நடக்கவில்லை. கடைசியில் அவரே அந்தச் சங்கிலியை வைத்துத்தான் அவளுக்குப் பாடம் நடத்தினார். பின்னாலிருந்து வந்து சங்கிலியோடு சேர்த்துக் கழுத்தைப் பிடிப்பார். "கைய விலக்காதீங்க. விலக்குனா அறுந்துரும். அவன் கையைச் சேத்து ஒங்க நெஞ்சோட அமுக்குங்க. ரெண்டு கையாலயும். இப்ப அவன் ஒங்ககிட்ட மாட்டிக்கிட்டான். திரும்புங்க!" அவள் திரும்புவாள். மாஸ்டரின் மணிக்கட்டு மடங்கும். நான் அந்த நேரத்தில் ஓரமாக நின்று முட்டியைச் சுற்றிக்கொண்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் சூடு பாக்கி இருக்கிறதென்று.

இந்த வருசம் மாம்பழக் காலத்தில் நத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோவில் திருவிழாவுக்கு நம்முடைய மைக் செட். திருவிழா முடிந்த மறுநாள் குழாய் ஸ்பீக்கரையும் பாக்ஸையும் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் திரும்பினோம். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் அவளும் வந்திருந்தாள். தோப்புக்காரர் ஆசையாகக் கொடுத்த மாம்பழப் பை காலடியில் சரிந்து சரிந்து என் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். உச்சி வெயில். ரோட்டில் ஒரு காக்கா இல்லை. அவள் இறங்கி, பையின் காதைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பையன்கள். ஓட்டியவன் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. பின்னால் இருந்தவன் இறங்கி என்னிடம் வந்தான்.

"அண்ணே, திண்டுக்கல்லுக்கு எப்படிப் போகணும்?"

அவன் வந்ததே திண்டுக்கல் பக்கமிருந்து. இது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு என்னிடம் ஒருவன் வழி கேட்டுவிட்டான் என்ற பூரிப்பில், நேரே போய், பாலத்தைத் தாண்டி, இடப்பக்கம் ஒரு டீக்கடை வரும், அங்கே வடை நன்றாக இருக்கும் என்கிற வரைக்கும் விளக்கினேன். வடையைப் பற்றிச் சொல்லி நிமிர்ந்தால் எதிரில் ஆள் இல்லை. அவன் கை அவள் கழுத்தில் இருந்தது.

என் பயம் எப்படிப்பட்டது என்பதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். வாயைத் திறந்தேன். ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்த வேண்டும் என்று நினைத்தேன். வந்த சத்தம், "ஹலோ."

இன்னொரு தடவை முயன்றேன். "ஹலோ, ஹலோ."

அதோடு உடம்பு தானாக ஒரு காரியம் செய்தது. கால்களை அகட்டி வைத்தது. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றியது. கழுத்தை வலப்பக்கமாகச் சுழற்றத் தொடங்கியது. சத்தியமாக நான் சொல்லிச் செய்யவில்லை. சண்டை என்றால் முதலில் கழுத்து என்று அது படித்திருந்தது, படித்ததைச் செய்தது. வலப்பக்கம் போகையில் புளியமரம் தெரிந்தது. இடப்பக்கம் வருகையில் என் மனைவி தெரிந்தாள். மறுபடி புளியமரம்.

பைக்கில் இருந்தவன் திருட்டையே மறந்து என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே பண்றீங்க?"

"செத்த இருப்பா, வாரேன்" என்றேன். தோளை உருட்ட ஆரம்பித்திருந்தேன்.

இப்படிச் சுற்றுக்குச் சுற்று பார்த்ததால், அங்கே நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒரு துண்டில், அவள் சங்கிலியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவன் கையை இரண்டு கையாலும் சேர்த்து நெஞ்சோடு அமுக்கியிருந்தாள். அடுத்த துண்டில் அவள் திரும்பியிருந்தாள். அவன் பாதிக்குக் குனிந்திருந்தான். அதற்கடுத்த துண்டில் அவள் கால் மேலே போனது. வகுப்பில்கூட அந்த உயரத்துக்கு அது போய் நான் பார்த்ததில்லை. அவன் முட்டியில் 'சத்' என்று இறங்கியது. கையுதறல் இல்லை, கால் நீட்டல் இல்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. மாம்பழப் பையைக் கட்டிக்கொண்டிருந்த கை நேராகச் சண்டைக்குப் போனது, அடுப்பிலிருந்து வரிசைக்கு வருகிற மாதிரி.

கூடவே குரல். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேரை ஒரே சொல்லில் உட்கார வைக்கிற குரல்.

"ஏலே! யாரு கழுத்துல கைய வைக்கிற? நிமிரு! நிமிருங்கிறேன்ல!"

அவன் நிமிர முடியாது. கை அவளிடம் இருந்தது. "யக்கா, விடுங்கக்கா. கை ஒடியுதுக்கா" என்றான். எனக்குத் தெரிந்து, சங்கிலியைப் பிடித்தவன் 'விடு' என்று கெஞ்சியது அந்த ரோட்டில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"விரல மொதல்ல விரி."

விரித்தான். சங்கிலி அவன் உள்ளங்கையிலிருந்து நழுவி அவள் நெஞ்சில் விழுந்தது. அறுந்திருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கையை விட்டாள். அவன் ஒரு செருப்பை எங்களுக்கே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடிப்போய் பைக்கில் தொற்றினான். பைக் பறந்தது.

அதே நொடியில் என் வார்ம் அப் முடிந்தது. உடம்பு சும்மா ஜிவ்வென்று ஏறியிருந்தது. புலிபோல ஒரு பாய்ச்சல் பாய்ந்து, ரோட்டின் நடுவில் இடது காலை முன்வைத்து, கைகளை உயர்த்தி நின்றேன். எதிரே ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

"என்னங்க" என்றாள் பின்னாலிருந்து.

"பயப்படாத. நான் இருக்கேன்."

"நீங்க இருக்கீங்க. என் காலுதான் இல்ல. தொடையில பிடிச்சுக்கிச்சு. நகர முடியல."

மாஸ்டரின் வாக்கு பலித்துவிட்டது. சூடேறாமல் உதைத்த தொடை, உதைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது கூலி கேட்டது. ஒரு கையால் சங்கிலியையும் மறு கையால் தொடையையும் பிடித்துக்கொண்டு, புளியமரத்தில் சாய்ந்து நின்று அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, வலியும் சிரிப்பும் சேர்ந்து. அப்படி ஓர் அழகை நான் எந்தத் திருவிழாச் சப்பரத்திலும் பார்த்ததில்லை. எனக்கோ உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு வீண்போகவில்லை: அவளை அலாக்காகத் தூக்கி ஸ்கூட்டரில் உட்கார வைத்தேன். அன்றைய போரில் என் பங்கு அது.

"ஹலோன்னீங்களே, அது யாருக்கு?" என்று ஊர் எல்லை வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு வாரம் வெந்நீர் ஒத்தடம். அந்த வாரம் சமையல் நான். என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அந்தத் திருடனே தேவலை, அவன் கழுத்தோடு நிறுத்திக்கொண்டான் என்றாள். விசயத்தைக் கேட்ட மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் அவள் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, டீச்சர் ஒதைச்சப்ப நீங்க எதுவரைக்கும் வந்திருந்தீங்க?" என்றார்.

"இடுப்பு, மாஸ்டர்."

இப்போது வார்ம் அப் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமைகளில் மட்டும், மைதான வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடும்போதே மாஸ்டர் எங்கிருந்தோ பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறார். வெள்ளி இரவே நான் கழுத்தைச் சுழற்றத் தொடங்கிவிடுகிறேன்.

சங்கிலி அறுபடவில்லையே தவிர, அதன் கொக்கி வாய் பிளந்திருந்தது. கால் சரியானதும் நகைக்கடை வீதியில் இருக்கும் ஆசாரியிடம் கூட்டிப்போனேன். "கழட்டிக் குடுங்கம்மா, செத்த நேரத்துல நெருக்கிப்புடலாம்" என்றார் அவர். மாட்டேன் என்றுவிட்டாள். கழுத்தில் இருக்கும்போதே செய்தால் செய்யுங்கள், இல்லையென்றால் இப்படியே கிடக்கட்டும். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து, அவளுக்குப் பின்னால் போய், கொக்கியைத் தேடிக் கையை நீட்டினார்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எச்சரிக்க வாயைத் திறந்தேன். "ஹலோ" என்று வருவதற்குள் ஆசாரியின் கை அவள் நெஞ்சோடு சேர்ந்து அமுங்கியிருந்தது, மனுசன் பாதிக்குக் குனிந்திருந்தார்.

"அம்மா, நான் ஆசாரிம்மா" என்றார் தரையைப் பார்த்தபடி.

"ஐயய்யோ, மன்னிச்சுக்கங்கண்ணே" என்றாள் அவள். சொல்லிவிட்டு, சங்கிலி இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்த பிறகுதான் கையை விட்டாள்.